கடிக்கிற வயதில் நாய்க்குட்டி, நூலைத் தேடும் பூனை: என்ன பொம்மை வாங்கலாம்?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். தண்டையார்பேட்டையில் வீடு, நாலு மாத லாப்ரடார் குட்டி ப்ரூனோ, செருப்பு, மிதியடி, ரிமோட் என்று எதையும் விட்டுவைப்பதில்லை. பெட் ஷாப்பில் ஒரு கயிறு பொம்மையும் வெள்ளை முடிச்சு எலும்பு இரண்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா குழம்பு எலும்பைப் போடுகிறார். கூடவே ஒரு வயதுப் பூனை சின்னு, அம்மா பூ கட்டுகிற நூலைப் பார்த்தால் போதும், வாயில் கவ்விக்கொண்டு ஓடுகிறாள். இந்த இரண்டுக்கும் எந்தப் பொம்மை பத்திரம், 1000 ரூபாய்க்குள் என்ன வாங்கலாம், இதுதானே கேள்வி? நான் டாக்டர் இல்லை. ராயபுரம் பக்கம் ஒரு கிளினிக்கில் 14 வருடமாக கம்பவுண்டர். மேசையில் நாயைப் பிடித்துக்கொள்வது, எக்ஸ்ரேவுக்குத் தூக்கிப் போவது, ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றிலிருந்து எடுத்ததைக் கழுவி வளர்ப்பவரிடம் காட்டுவது எல்லாம் என் வேலை. அதனால் பொம்மை என்றதும் கடையில் தொங்குகிற கோலத்தில் எனக்கு ஞாபகம் வராது, ஆபரேஷனில் எடுத்ததைப் போடுகிற வளைந்த தட்டில், அந்தக் கிட்னி ட்ரேயில், கிடக்கிற கோலத்தில்தான் வரும். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

பூனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாயைப் பற்றிப் பத்து வரியும் பூனையைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பதற்றம் கொடுத்தது அந்த ஒரு வரிதான். பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்த முள்ளெல்லாம் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூல் ஒரு தடவை அதில் ஒட்டிவிட்டால் பூனையால் துப்ப முடியாது, உள்ளே விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்குக்கு அடியிலோ இரைப்பை முடிகிற இடத்திலோ மாட்டிக்கொள்ளும், மறுமுனை குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். குடல் அதைக் கீழே தள்ளப் பார்க்கும், நூல் நகராது, கடைசியில் குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி ஒரு பக்கமாகக் கொசகொசவென்று சேர்ந்துகொள்ளுமே, அப்படி. சுருங்கின ஒவ்வொரு மடிப்பையும் அந்த நூல் ரம்பம் மாதிரி அறுக்கும், ஓட்டை விழுந்தால் வயிறெல்லாம் சீழ் பிடித்துவிடும்.

போன மார்கழியில் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா கூடையில் வைத்துப் பூனையைக் கொண்டு வந்தார். இரண்டு நாளாக வாந்தி, சோறு தண்ணி இல்லை, கட்டிலுக்கடியிலேயே கிடக்கிறது என்றார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கீழ்த்தாடையைத் திறந்து, தாடைக்கு வெளியே அடியில், இரண்டு எலும்புக்கும் நடுவில் இருக்கிற மெத்தென்ற இடத்தைக் கட்டைவிரலால் மேல்பக்கமாக அழுத்தினார். நாக்கு அப்படியே எழும்பியது. அதன் வேரில் ஒரு வெள்ளை நூல், சதைக்குள் பாதி புதைந்து, இரண்டு பக்கமும் சிவந்து வீங்கியிருந்தது. பார்த்த உடனே அந்த அம்மா "என் பூ நூல்தான் சார்" என்றார். மல்லி கட்டி முடித்துவிட்டு மிச்ச நூலை ஜன்னல் கட்டையில் வைப்பாராம். பூனை பிழைத்துக்கொண்டது, ஆனால் குடலை மூன்று இடத்தில் திறந்துதான் நூலை எடுக்க முடிந்தது.

அதனால் இன்றைக்கு ராத்திரியே சின்னுவை மடியில் வைத்து, நான் சொன்ன மாதிரி தாடைக்கு அடியில் அழுத்தி நாக்கைத் தூக்கிப் பாருங்கள். இருவர் இருந்தால் சுலபம். நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது. பின்பக்கம் ஆசனவாயில் தொங்கினாலும் இழுக்கக் கூடாது, உள்ளே எத்தனை மடிப்பில் அது சிக்கியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது, இழுக்கிற இழுப்பில் குடல் அறுந்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எதுவும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள் என்றால் சரி. நாளையிலிருந்து பூ நூலுக்கு மூடி உள்ள ஒரு டப்பா வாங்கி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் வாங்கப்போகிற எல்லாப் பொம்மையையும்விட அந்த டப்பாதான் சின்னுவுக்கு முக்கியம்.

நம்ம ஏரியாவில் நூல் என்றால் இதோடு முடியவில்லை. பட்டம் விடுகிற காலத்தில் மொட்டைமாடியில் அறுந்து கிடக்கும் மாஞ்சா, அதற்குத் தடை இருந்தும் கிடக்கிறது, கண்ணாடித் தூள் பூசின நூல் பூனையின் வாயையும் குடலையும் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தை ஒட்டின தெருக்களில் தூண்டில் நரம்பு, அதிலும் இரை வாசனையோடு கொக்கி இருந்தால் பூனை நேராக விழுங்கிவிடும். தையல் நூல் ஊசியோடு, தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்ட், பால் பாக்கெட்டின் வெட்டின மூலை, சரிகை, பரிசுப் பொட்டலத்து ரிப்பன். சின்னு மாடிக்குப் போகிற பூனை என்றால் வாரத்துக்கு ஒருமுறை மாடியைக் கூட்டுங்கள்.

சரி, பூனைக்கு என்னதான் கொடுப்பது? பூனை நாய் மாதிரி உட்கார்ந்து மணிக்கணக்கில் மெல்லுகிற பிராணி கிடையாது. பல் முளைக்கிற மூன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதம் வரைக்கும் கொஞ்சம் கடிக்கும், அந்த வயதில் 26 பால் பல் போய் 30 நிரந்தரப் பல் வரும். அதன் பிறகு அதற்கு வேண்டியது வேட்டை. பதுங்க வேண்டும், துரத்த வேண்டும், பிடிக்க வேண்டும், பிடித்ததைக் கடித்துப் பின்னங்காலால் உதைக்க வேண்டும். சின்னு நூலைத் தேடுவதற்குக் காரணமும் அதுதான், நூல் எலி வால் மாதிரி நெளிகிறது. அதனால் குச்சியில் இறகு கட்டின பொம்மை ஒன்று வாங்குங்கள், காலையில் பத்து நிமிஷம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் நீங்களே ஆட்டுங்கள், கடைசியில் பிடிக்க விடுங்கள், பிடித்ததும் சாப்பாடு வையுங்கள். ஆனால் விளையாட்டு முடிந்ததும் அந்தக் குச்சி பீரோவுக்குள் போய்விட வேண்டும், அதிலும் ஒரு நூல்தான் இருக்கிறது. தனியாக இருக்கும்போது கொடுக்க டேபிள் டென்னிஸ் பந்து, கசக்கின காகிதப் பந்து, டேப்பை முழுசாக உரித்துவிட்ட கூரியர் அட்டைப்பெட்டி, இவை போதும். உதைத்து விளையாட, பழைய வேட்டித் துணியை ஒரு முழ நீளத்துக்குக் குழாய் மாதிரி தைத்து உள்ளே துணியை அடைத்துக் கொடுங்கள், நெருக்கமான தையலாக இருக்கட்டும், பொத்தான், மணி, குஞ்சம் எதுவும் வேண்டாம். கடையில் விற்கிற எலி பொம்மை வாங்கினால் கண்ணையும் வாலையும் வெட்டி எடுத்துவிட்டுக் கொடுங்கள். பூனை அந்த இரண்டைத்தான் முதலில் பிய்க்கும்.

கேட்னிப் என்று பூனையைக் கிறங்க வைக்கிற ஒரு வாசனைச் செடி, அதன் இலை போட்ட பொம்மையும் விற்கிறார்கள், அது பத்திரமானதுதான், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைக்குத்தான் அது பிடிக்கும், சின்னு கண்டுகொள்ளாவிட்டால் அவளிடம் குறை ஒன்றும் இல்லை. நம்ம ஊரில் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு, வேரோடு பிடுங்கினால் தெருப் பூனை வந்து புரளுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அதைத் தின்னக் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்கும்.

இனி ப்ரூனோ. முதலில், அவன் கடிப்பது குறும்பு இல்லை. குட்டிக்கு 28 பால் பல், நாலாவது மாதத்தை ஒட்டி அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பல் வந்துவிடும். இந்த மூன்று மாதமும் ஈறு தினவெடுக்கும், வலிக்கும், எதையாவது அழுத்திக் கடித்தால்தான் அவனுக்கு ஆறுதல். தரையில் அரிசி மாதிரி சின்னப் பல் கிடக்கும், பொம்மையில் லேசாக ரத்தம் இருக்கும், பயப்படாதீர்கள். அடிக்காதீர்கள். செருப்பைக் கொடுத்துப் பழக்கவும் வேண்டாம், பழைய செருப்புக்கும் புதுச் செருப்புக்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியாது, தவிர ஹவாய்ச் செருப்பின் வார் வயிற்றில் போய்ச் சிக்கின கேஸ் வருடத்துக்கு ஒன்றாவது பார்க்கிறோம்.

நாய்ப் பொம்மையில் மூன்றைப் பார்க்க வேண்டும்: எவ்வளவு கெட்டி, எவ்வளவு பெரிசு, பிய்ந்தால் எப்படிப் பிய்கிறது. இதில் நம்ம ஆட்கள் தலைகீழாக நினைக்கிற விஷயம் கெட்டித்தனம். நாய்க்குப் பல் இரும்பு மாதிரி, எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். மேல்தாடையில் கடைவாய்க்கு முன்னால் இருக்கிற பெரிய பல், நாலாவது முன்கடைவாய்ப்பல், அதுதான் நாய் எலும்பை நறுக்குகிற கத்தரி. ரொம்பக் கெட்டியான பொருளை அந்தப் பல்லில் வைத்து அழுத்தும்போது பல்லின் வெளிப்பக்கம் பலகை மாதிரி அப்படியே பிளந்துவிடும். உள்ளே இருக்கிற நரம்பு திறந்துகொள்ளும். நாய் காட்டிக்கொள்ளாது, ஒரு பக்கமாகவே மெல்லும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் கழித்து கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கிச் சீழ் உடையும்போதுதான் கொண்டு வருகிறார்கள். கண்ணில் ஏதோ கட்டி என்று நினைத்துக்கொண்டு வருவார்கள், உதட்டைத் தூக்கினால் பிளந்த பல் இருக்கும்.

அதனால் கடையில் நின்று செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். பொம்மையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சமாவது பள்ளம் விழ வேண்டும். விழவில்லையா, அந்தப் பொருளால் உங்கள் முழங்கால் சில்லில் தட்டினால் வலிக்குமா என்று யோசியுங்கள், வலிக்கும் என்றால் அவன் பல்லுக்கும் அது ஆகாது. இந்தச் சோதனையில் மான் கொம்பு, மாட்டுக் குளம்பு, எருமைக் கொம்பு, கெட்டி நைலான் எலும்பு, கருங்கல், கொட்டாங்குச்சி எல்லாமே தோற்கும். ஐஸ் கட்டியும் தோற்கும், வெயில் காலத்தில் பாவம் என்று பெரிய கட்டியாகக் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

எலும்பு விஷயத்துக்கு வருகிறேன், அம்மாவிடம் இதை நீங்கள்தான் பேச வேண்டும். வெந்த எலும்பு காய்ந்த மூங்கில் மாதிரி சிம்புசிம்பாக உடையும், கோழி எலும்பு என்றால் கேட்கவே வேண்டாம். தொண்டையில் குத்தும், குடலில் குத்தும், குத்தாமல் போனால் பொடியாகிச் சுண்ணாம்பு மாதிரி மலக்குடலில் இறுகிக்கொள்ளும். நல்லி எலும்பு வேறு விதம். கடையில் மெஷினில் வளையம் வளையமாக அறுத்துக் கொடுக்கிறார்களே, அதன் நடுவில் இருக்கிற மஜ்ஜைக்காக நாய் நக்கி நக்கி, வளையம் கீழ்த்தாடையில் நழுவி ஏறி கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஏறும், இறங்காது. கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு பையனை, நாட்டு நாய்தான், அப்படிக் கொண்டு வந்தார்கள், தாடையை ஆட்டி ஆட்டி வாயெல்லாம் நுரை, வீட்டில் எண்ணெய் தடவி இழுத்துப் பார்த்து ஈறெல்லாம் கிழிந்திருந்தது. மயக்க ஊசி போட்டு, நாக்குக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு கரண்டியைக் காப்பாக வைத்து, சின்ன ரம்பத்தால் அறுத்தோம். நான் அந்தக் கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது மனசில்.

அம்மா பாசத்தில் போடுகிறார், அவரிடம் போடாதே என்று மட்டும் சொன்னால் நிற்காது. கறி வாங்கி வந்ததும், குழம்பில் போடுவதற்கு முன்னால், எலும்பில்லாத நாலு துண்டை மஞ்சள் போட்டுத் தனியாக வேகவைத்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குழம்பில் இருக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அந்தத் தொல்லையும் இதில் போய்விடும், போட்ட திருப்தி அம்மாவுக்கும் இருக்கும்.

கடைக்காரர் கொடுத்த வெள்ளை முடிச்சு எலும்பு உண்மையில் எலும்பே இல்லை, மாட்டுத் தோலின் உள்பக்கத்தை ரசாயனத்தில் ஊறவைத்து, வெளுத்து, முடிச்சுப் போட்டுக் காயவைத்தது, ரா ஹைட் என்பார்கள். மென்று மென்று கொழகொழப்பானதும் முடிச்சு அவிழும், லாப்ரடார் அதை அப்படியே விழுங்கும். தொண்டையில் அடைக்கும், அல்லது வயிற்றுக்குள் போய் ஊறிப் பெருத்து அடைக்கும். எதையும் மெல்லாமல் விழுங்குகிற ஜாதிக்கு இது சுத்தமாக வேண்டாம். பாக்கெட் பிரிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள். காயவைத்த பன்றிக் காதும் எனக்குப் பிடிக்காது, 2019ல் அமெரிக்காவில் அதைக் கையாண்ட மனிதர்களுக்கே சால்மோனெல்லா என்ற குடல் கிருமித் தொற்று பரவி அரசு எச்சரிக்கை விடும் அளவுக்குப் போனது.

கயிறு பொம்மையைத் தூக்கிப்போட வேண்டாம், ஆனால் அது கடிக்கிற பொம்மை இல்லை, இழுக்கிற பொம்மை. ஒரு முனை உங்கள் கையில் இருந்தால் மட்டும் மறுமுனை அவன் வாயில். தனியாக விட்டால் ஒவ்வொரு இழையாக உருவி விழுங்குவான், பூனைக்குச் சொன்ன அதே பாவாடை நாடா கதைதான் நாய்க்கும். இழை பிரிய ஆரம்பித்த கயிற்றைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

அளவைப் பற்றி ஒரே ஒரு விதி: பந்தோ பொம்மையோ முழுசாகவோ, கடித்துச் சின்னதான பிறகோ, கோரைப்பல்லைத் தாண்டி உள்ளே போகிற அளவில் இருக்கக் கூடாது. குட்டிக்கு என்று சின்னதாக வாங்காதீர்கள், லாப் இரண்டே மாதத்தில் வளர்ந்து நிற்பான். நம்ம தெருவில் கிரிக்கெட் ஆடுகிற டென்னிஸ் பந்தைத்தான் எல்லோரும் நாய்க்கும் போடுகிறார்கள். எறிந்து எடுத்துவர மட்டும் என்றால் பரவாயில்லை, உட்கார்ந்து மெல்ல விடாதீர்கள், மேலே இருக்கிற ரோமத் துணியில் மண் ஏறினதும் அது அரம் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும், வளர்ந்த லாப் அதை வாயில் அமுக்கினால் சுருங்கித் தொண்டைக்குள் வழுக்கிப் போய் விரியும். அப்புறம் ஒரே ஒரு ஓட்டை உள்ள ரப்பர் பந்தை வாங்கவே கூடாது. நக்கும்போது உள்ளே காற்று வெளியேறி வெற்றிடமாகும், நாக்கை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், நாக்கு வீங்கி வெளியே எடுக்க முடியாமல் போகும். காற்று போய்வர இரண்டாவது ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும்.

இப்போது வாங்க வேண்டியது. நடுவில் குழிவான கெட்டி ரப்பர் பொம்மை, அடுக்கிவைத்த மூன்று உருண்டை மாதிரி இருக்குமே, அது. 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தன் ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனின் ரப்பர் பாகத்தைக் கவ்விக்கொண்டு விட மறுத்ததைப் பார்த்துத்தான் காங் பொம்மையை உண்டாக்கினார். அதே பாணியில் பல கம்பெனிகள் இப்போது செய்கின்றன. குட்டிகளுக்கு என்று மெதுவான ரப்பரில் தனியாக வரும், இப்போதைக்கு அது, பல் முழுசாக வந்தபின் கெட்டி ரப்பர். அடியிலும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தப் பொம்மையின் பலம் உள்ளே என்ன வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு பீநட் பட்டர் வாங்க ஓடாதீர்கள், சில பிராண்டில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம், ரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். நம்ம தயிர்சாதம் போதும். உப்பு, தாளிப்பு, மிளகாய் எதுவும் இல்லாமல், குழைய வேகவைத்த சாதத்தில் புளிக்காத தயிரை ஊற்றிப் பிசைந்து, நடுவில் வேகவைத்த கேரட்டோ பரங்கிக்காயோ வைத்து அடைத்து, ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்து ராத்திரி ஃப்ரீஸரில் போடுங்கள். மறுநாள் மதியம் வெயில் ஏறினதும் கொடுங்கள். சாதம் கல்லாக இருக்காது, நக்க நக்கக் கரையும், குளிர்ச்சி ஈறுக்கு இதமாக இருக்கும், அரை மணி நேரம் வீட்டில் சத்தமே இருக்காது. முடிந்ததும் உடனே பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷால் உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். நம்ம ஊர் சூட்டில் ஒரு மணி நேரத்தில் புளித்துவிடும், எறும்பு வேறு வரும்.

ரப்பரில் நல்லதையும் மட்டமானதையும் பிரிக்க மூக்கும் கையும் போதும். மண்ணெண்ணெய், பெயிண்ட் வாசனை அடித்தால் வேண்டாம். ஈரக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டினால் வேண்டாம். பாக்கெட்டில் பாதுகாப்பானது என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். குழந்தைகள் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், ஆனால் அது 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடுகிற பொம்மைக்கான சட்டம், நாய் பூனை பொம்மை அதில் வராது. அதே காரணத்தால், ஐஎஸ்ஐ போட்ட குழந்தைப் பொம்மையும் ப்ரூனோவின் கடைவாய்க்கு முன்னால் நிற்காது. பீப்பீ சத்தம் போடுகிற பொம்மையில் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் ஊதலைத் தோண்டி விழுங்கும் வரை நாய் ஓயாது, நீங்கள் பக்கத்தில் இருந்தால் மட்டும் கொடுங்கள். பேட்டரி உள்ள பொம்மை வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம், பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் ஒட்டினால் சில மணி நேரத்தில் அந்த இடத்தையே வேகவைத்துவிடும்.

இலவசமாகக் கிடைப்பதில் இரண்டு எமன். ஒன்று மாங்கொட்டை. சித்திரை, வைகாசி வந்தால் எங்கள் கிளினிக்கில் மாங்கொட்டை சீசனும் வந்துவிடும், வழவழவென்று வழுக்கி உள்ளே போய்க் குடலில் சிக்கிக்கொள்ளும், கரையவே கரையாது. இன்னொன்று சோளக்கட்டை, பீச்சில் தின்றுவிட்டுப் போடுகிறார்களே, அது. இளநீர் மட்டையின் நாரும் அப்படித்தான், பந்தாகத் திரண்டு அடைக்கும். கேரம் காய், பாட்டில் மூடி, சாக்ஸ், மாத்திரை அட்டை, இதெல்லாம் தரையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எந்தப் பொம்மையும் நிரந்தரமாகப் பத்திரம் கிடையாது தம்பி. உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான், என்ன காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது. புதுப் பொம்மை வாங்கின அன்றே, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ராத்திரி பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், துண்டு விழுந்திருந்தால் தரையில் கிடக்கிற துண்டுகளைப் பொறுக்கி அதே இடத்தில் பொருத்திப் பாருங்கள். எல்லாம் பொருந்தினால் நிம்மதி, பொம்மையைக் குப்பையில் போடலாம். ஒரு துண்டு குறைந்தால் இரண்டு மூன்று நாள் அவன் மலத்தையும் சாப்பாட்டையும் கவனியுங்கள். துணி, நூல், பிளாஸ்டிக் எல்லாம் எக்ஸ்ரேயில் பல நேரம் தெளிவாகத் தெரியாது, அந்த மாதிரி சமயத்தில் ஒருவர் போனைத் திறந்து, இந்தப் பொம்மை, இந்தக் காதுதான் காணோம், இவ்வளவு நீளம் என்று காட்டினால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். 14 வருடத்தில் அப்படிக் காட்டினவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, வாந்தி வராமலே குமட்டுவது, தொட்டால் வயிற்றை இறுக்குவது, எச்சில் ஒழுகுவது, மலம் போகாமல் முக்குவது, பூனை என்றால் ஒளிந்துகொண்டு சாப்பிடாமல் கிடப்பது, இதில் எதைப் பார்த்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம், உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வந்த நாயை நான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வாழைப்பழம் ஊட்டினால் வெளியே தள்ளிவிடும் என்பதும் வேண்டாம், மயக்கம் கொடுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். மூச்சு அடைத்தால் மட்டும் வாயைத் திறந்து பாருங்கள், கண்ணுக்குத் தெரிந்து விரலுக்கு எட்டினால் பக்கவாட்டிலிருந்து கொக்கி மாதிரி விரலைப் போட்டு எடுங்கள், எட்டாததைக் குருட்டாம்போக்கில் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். எட்டவில்லை என்றால் பின்பக்கமாக நின்று, விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே இரண்டு கையையும் கோத்து உள்பக்கமாக மேல்நோக்கி நாலைந்து தடவை அழுத்துங்கள், வந்தாலும் வராவிட்டாலும் வண்டியைக் கிளப்பிவிடுங்கள். உங்களுக்குப் பக்கம் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1903லிருந்து இருக்கிற கல்லூரி, இன்னொரு பக்கம் மாதவரம் பால் பண்ணையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை. எந்த நேரத்தில் எது திறந்திருக்கும், ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்று இப்போதே விசாரித்து நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள், பாக்கெட்டில் வைத்தால் அந்த நேரத்தில் கிடைக்காது.

1000 ரூபாய்க்கு என்றால், குழிவான குட்டி ரப்பர் பொம்மை நல்லதாக ஒன்று, அதற்குத்தான் காசில் பெரும் பகுதி போகும், போகட்டும். மிச்சத்தில் பூனைக்கு இறகுக் குச்சி ஒன்று, டேபிள் டென்னிஸ் பந்து நாலு. வேட்டித் தலையணையை அம்மாவையே தைக்கச் சொல்லுங்கள். சின்னுவின் பந்து ப்ரூனோவுக்கு ஒரே முழுங்கு, அதனால் அவள் சாமான் எல்லாம் உயரமான அலமாரியில் இருக்கட்டும், அவள் விளையாடும்போது அவனை வெளியே கட்டுங்கள் அல்லது கதவைச் சாத்துங்கள். கடைக்குப் போகிறபோது ப்ரூனோவின் கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல்லுக்கும் நடுவே இருக்கிற அகலத்தை ஒரு ஈர்க்குச்சியில் அளந்து உடைத்து எடுத்துப் போங்கள், குட்டி வளர்வதால் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறைந்த எதையும் கையில் எடுக்காதீர்கள். சின்னுவின் நாக்கடியில் என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் நாளைக்கு ஒரு வரி எழுதுங்கள்.